மூன்று வயதுக்குக் கீழே யார் பொறுப்பு? டே கேர் உரிம விதிகள் பற்றி அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர் அவர்கள், துறைச் செயலாளர் அவர்கள்.
நகல்: பள்ளிக் கல்வி, தொழிலாளர் நலன், நகராட்சி நிர்வாகத் துறைகள்.

வணக்கம்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் டே கேர் நடத்துகிறேன். ஆறு மாதக் கைக்குழந்தை முதல், பள்ளி விட்டு வேனில் வந்து இறங்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரை எங்களிடம் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அரசுக்குக் கடிதம் எழுதினால் ‘கெடுபிடியைக் குறையுங்கள்’ என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். நான் எங்களுக்கு உரிமம் கொடுங்கள் என்று கேட்டு எழுதுகிறேன். ஆய்வாளரை அனுப்புங்கள், சொல்லாமல் கொள்ளாமல்கூட வரட்டும். ஆனால் அந்த உரிமத்துக்கான விதிகளைப் பள்ளிக்கூட விதிகளிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். தவழும் பிள்ளையை மனதில் வைத்துப் புதிதாக எழுதுங்கள்.

இப்போது இருப்பது என்ன? ப்ளே ஸ்கூல் என்றால் 2015-இல் அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறைத் தொகுப்பு இருக்கிறது. அது பள்ளிக் கல்வித் துறையின் கணக்கு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வெளியிட்ட நெறிமுறை மூன்று முதல் ஆறு வயது வரைக்கும்தான் பேசுகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்றது 2017-இல் வந்த மகப்பேறு பயன்கள் திருத்தச் சட்டம். அதற்கு மத்திய அமைச்சகம் 2018-இல் தனியே வழிகாட்டுதல் தந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பிறகு 2025 நவம்பர் வரை, 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் காப்பகம் வேண்டும் என்றிருந்தது. அங்கன்வாடிக்கு 1975-இலிருந்து ஒரு பெரிய திட்டமே இருக்கிறது. பிள்ளைகள் இரவு தங்கும் விடுதி, இல்லங்களுக்கு 2014-இல் நம் சட்டமன்றம் சட்டம் போட்டது.

இத்தனைக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம். எந்த நிறுவனத்தையும் சேராதவர்கள், பள்ளிக்கூடமும் இல்லை, இரவில் யாரும் தங்குவதும் இல்லை. ஆனால் ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளைகளைக் காலை எட்டிலிருந்து இரவு ஏழரை வரை கையில் வைத்திருக்கிறோம். மேலே சொன்ன எதிலும் நாங்கள் சரியாகப் பொருந்தவில்லை. ஓர் அலுவலகத்துக்குப் போனால், “நீங்க ஸ்கூலாம்மா?” என்றார்கள். இல்லை என்றதும், “அப்ப இங்க ஏன் வந்தீங்க?” என்று கேட்டார்கள். இன்னோர் அலுவலகத்தில், “ஸ்கூல் மாதிரிதானே, அங்கேயே போங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். யார்மீதும் கோபமில்லை. அவர்கள் மேசையில் எங்களுக்கான படிவம் இல்லை, அவ்வளவுதான்.

படிவம் இல்லாத தொழில் என்ன செய்யும்? ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சிலர் கடை, நிறுவனச் சட்டத்தில் பதிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். சிலர் மாநகராட்சியின் தொழில் உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தாள், மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் கொடுக்கப்படுவது. சிலர் பெயருக்கு ப்ளே ஸ்கூல் என்று போட்டுக்கொண்டு உள்ளே தொட்டில் கட்டுகிறார்கள். நிறையப் பேர் போர்டே வைப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் வாய்வழியாகவும்தான் பிள்ளைகள் சேருகிறார்கள். இந்தக் கடைசி வகைதான் எனக்குக் கவலை. அவர்களில் மிக நன்றாகப் பிள்ளை பார்ப்பவர்களும் உண்டு, பார்க்கவே கூடாதவர்களும் உண்டு. வெளியே நிற்கிற அம்மாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

பள்ளிகளிடம் கேட்கும் நான்கு சான்றுகள் உங்களுக்குத் தெரியும்: கட்டட உறுதிச் சான்று, 1965-ஆம் ஆண்டுப் பொதுக்கட்டடச் சட்டப்படி தாசில்தார் தரும் உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது; இறங்க ஒரு குறுகிய படிக்கட்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டடத்தைப் பற்றிப் பேசும் யாரும் அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் அந்த நான்கு சான்றுகளும் கட்டடத்தைத்தான் பார்க்கின்றன. பிள்ளை சின்னதாக ஆக ஆக, ஆபத்து கட்டடத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிடுகிறது.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் எல்.கே.ஜி. பிள்ளை விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. நடக்கத் தெரிந்த, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கே இப்படி என்றால், ஒன்றரை வயதுக்கு? அதற்குத் தொட்டிகூடத் தேவையில்லை. பாத்ரூமில் பாதி நிறைந்த வாளி போதும். எட்டிப் பார்க்கும், தலை கனத்தில் கவிழும், சத்தமே வராது. எங்கள் வீட்டில் சம்ப் மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், வாளியை எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்போம். இதை எந்த விதியும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதனால் புது விதிகள் எழுதும் அதிகாரிகள் தயவுசெய்து ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்கு ஏதாவது ஒரு டே கேருக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். காலையில் போனால் எல்லாம் அழகாக இருக்கும். பிள்ளைகள் ‘அம்மா இங்கே வா வா’ பாடிக் காட்டுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து தூக்கம் வரும் நேரத்தில்தான் உண்மை தெரியும். ஆயாக்கள் சாப்பிடப் போகும் நேரமும் அதுதான். ஒரு குழந்தை தூங்க அழும், இன்னொன்றுக்கு டயப்பர் மாற்ற வேண்டும், மூன்றாவதற்குக் கக்கல். அந்த நேரத்தில் அறையில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். டயப்பர் மாற்றிய கை, அடுத்து பால் பாட்டிலைத் தொடும் முன் சோப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். கைக்குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறதா, முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, துணிக் குவியல் ஏதும் கிடக்கிறதா? அம்மா பிழிந்து அனுப்பிய தாய்ப்பாலில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டியிருக்கிறதா? குடிக்கக் கொடுப்பதில் தூக்கம் வர வைக்கும் சளி மருந்து கலக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். பிள்ளை சத்தம் போடாமல் தூங்கினால் ‘நல்ல டே கேர்’ என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள், அதைத் தெரிந்துவைத்திருக்கும் நடத்துநர்களும் இருக்கிறார்கள். எழுத்தில் அனுமதியும் டாக்டர் சீட்டும் இல்லாமல் ஒரு சொட்டு மருந்துகூடத் தரக்கூடாது என்று விதி வேண்டும்.

தூளி விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நாமெல்லாம் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் வீட்டில் ஒரு தூளிக்கு ஒரு பாட்டி இருந்தார்; இங்கே அப்படி இல்லை. காப்பகத்தில் தூளி வேண்டாம் என்பது என் கட்சி. பாட்டிமார் மன்னிக்கட்டும்.

இப்போது ஆள் கணக்குக்கு வருகிறேன், எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கிறது. 2018-இன் மத்திய வழிகாட்டுதல், மூன்று வயதுக்குக் குறைந்த பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், கூட ஓர் உதவியாளர் என்கிறது. கூட்டிக் கழித்தால் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். சிங்கப்பூரில் கைக்குழந்தைகளுக்கு இதே கணக்கு: ஒருவருக்கு ஐந்து. கலிபோர்னியாவின் மையங்களில் ஒருவருக்கு நான்கு. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்றுதான். தீப்பிடித்தால் ஓர் ஆயா இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு குழந்தைகளைத்தான் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியும். நடக்கத் தெரியாத மற்றவர்கள் உள்ளேதான் இருப்பார்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் விகிதம் என்பதே இந்தக் கணக்குதான். ஒரு வயதுக்குள் ஒருவருக்கு மூன்று, ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒருவருக்கு ஐந்து என்று வையுங்கள். ஆயா சாப்பிடப் போகும் நேரத்திலும் அது குறையக் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள்.

சரி, காசு? மூன்று கைக்குழந்தைக்கு ஓர் ஆயா என்றால் அந்த ஆயாவின் முழுச் சம்பளத்தையும் மூன்று குடும்பங்கள் பிரித்துக் கட்ட வேண்டும். வாடகை, கரண்ட், பால், சோப்பு தனி. ஐ.டி. கம்பெனியில் இருவரும் வேலை பார்க்கும் வீடு எப்படியோ சமாளிக்கும். ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மா? துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் அம்மா? அவர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போர்டு இல்லாத வீட்டுக்குத்தான் போவார்கள். கடுமையான விகிதத்தைப் போட்டுவிட்டுச் செலவைப் பற்றிப் பேசாமல் இருந்தால், காகிதத்தில் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள். நிஜத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் விகிதமும் மானியமும் ஒரே அரசாணையில் வர வேண்டும். உரிமம் பெற்ற காப்பகத்தில் குறைந்த வருமானக் குடும்பத்தின் பிள்ளை சேர்ந்தால், ஆயா சம்பளத்தில் ஒரு பங்கை அரசு நேராக அந்த ஆயாவின் வங்கிக் கணக்கில் போடட்டும். எங்கள் கையில் தர வேண்டாம். அப்படிச் செய்தால் உரிமம் வாங்க எங்களுக்கும் ஓர் ஆசை வரும்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது, பெருமைப்பட வேண்டியதுதான். வேலைக்கு வந்த பெண்கள் தங்கத் தோழி விடுதிகள் கட்டினீர்கள். அந்தப் பெண்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அவர்கள் வேலைக்கு வரவேண்டும் என்றால், அடுத்த கட்டடம் எது என்று சொல்ல நான் தேவையில்லை.

வீட்டில் நடக்கும் சின்ன டே கேரையும், மூன்று மாடியில் நூறு பிள்ளைகளை வைத்து நடத்தும் மையத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் வீட்டுக் காப்பகத்துக்குத் தனி உரிமம், சிறியதில் அதிகபட்சம் எட்டுப் பிள்ளைகள், பெரியதில் பதினான்கு. 2020 ஜனவரியிலிருந்து அந்தப் பெரிய வீட்டுக் காப்பகத்தையும் குடியிருப்பாகவே கருத வேண்டும், தனியே தொழில் உரிமக் கட்டணமும் மண்டல அனுமதியும் கேட்கக் கூடாது என்று உள்ளாட்சிகளுக்கு அங்கே சட்டம் சொல்லிவிட்டது. இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், இங்கே ஒருவர் பதிவு செய்யத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கரண்ட் பில். பதிந்துவிட்டால் வீட்டு மீட்டரை வணிகக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்வார்களோ, சொத்துவரி ஏறுமோ, அதைக் கேள்விப்பட்டு ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம். அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் வேறு. பத்துப் பிள்ளைகள் வரை உள்ள வீட்டுக் காப்பகத்துக்கு வீட்டு மின்கட்டணமும் வீட்டு வரியும் தொடரும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால், எங்கள் பக்கத்தில் மட்டும் எத்தனை போர்டுகள் வெளியே வரும் என்று பாருங்கள்.

அலுவலகமும் ஒன்றே இருக்கட்டும். சிங்கப்பூரில் முன்பு குழந்தைகள் பராமரிப்பு மையத்துக்கு ஒரு சட்டம், கிண்டர்கார்டனுக்கு இன்னொரு சட்டம் என்று இருந்தது. 2017-இல் ஒரே சட்டமாக இயற்றி, 2019 ஜனவரியிலிருந்து இரண்டையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். நம்மிடம் அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் வட்டாரத்துக்கு வட்டாரம் ஏற்கெனவே இருக்கிறார். கைக்குழந்தை எடை போடுவதும் தடுப்பூசி அட்டை பார்ப்பதும் அவர் துறைக்குப் பழகிய வேலை. உரிமத்தை அவரிடம் கொடுங்கள். தீயணைப்பு, சுகாதாரம், தாசில்தார் ஆகியோரிடமிருந்து வேண்டியதை அவரே இணையவழியில் வாங்கிக்கொள்ளட்டும். எங்களைப் பந்தாட வேண்டாம். பிள்ளைகளை விட்டுவிட்டு எந்த அலுவலக வராண்டாவில் போய் உட்கார்வது? அவருக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்பதும் தெரியும். அதற்கு ஆள் போட வேண்டும். விதி எழுதுவதைவிடக் கஷ்டமான பகுதி அதுதான்.

ஆயாக்களைப் பற்றி. 2020-இன் போக்சோ விதிகள், பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று பெயர் சொல்லியே, பிள்ளைகளோடு பழகும் எல்லாப் பணியாளரையும் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும், அவ்வப்போது திரும்பவும் செய்ய வேண்டும் என்கின்றன. எத்தனை டே கேரில் இது நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உரிமத்தில் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள், கட்டணம் இல்லாமல் செய்து கொடுங்கள். டிரைவர், தண்ணி கேன் போடும் பையன், சனிக்கிழமை டான்ஸ் சொல்லித்தர வருபவர் எல்லோரும் இதில் அடக்கம். ஆனால் படிப்புத் தகுதி என்று வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். பள்ளி விதியைப் பார்த்து டிப்ளமோ, டிகிரி என்று எழுதிவிட்டால் எங்கள் வீட்டில் இருக்கும் மிகச் சிறந்த ஆயா நாளைக்கே வீட்டுக்குப் போக வேண்டும். எட்டாவதுதான் படித்திருக்கிறார். ஒரு குழந்தையின் அழுகையை அடுத்த அறையிலிருந்து கேட்டே, பசியா, காது வலியா என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தேவை வேறு: தொண்டையில் கடலை சிக்கினால் குழந்தையைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டுவது எப்படி, வலிப்பு வந்தால் என்ன செய்யக் கூடாது, தக்காளிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் அந்தக் கொப்புளம் வந்தால் எப்போது வீட்டுக்கு அனுப்புவது, ஒரு பிள்ளையின் உடம்பில் சந்தேகமான காயம் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எப்படிச் சொல்வது. சில நாள் பயிற்சி, தமிழில், செய்முறையோடு, ஆண்டுக்கு ஒருமுறை மீள்பயிற்சி. அப்புறம் குறைந்தபட்ச ஊதியம். மாதாமாதம் ஆயா மாறும் இடத்தில் எந்தக் குழந்தையும் நிம்மதியாகத் தூங்காது.

கேமரா பற்றி ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் அடுத்த நாள் எல்லோரும் கேட்பது ‘சிசிடிவி இருந்ததா’ என்றுதான். வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல், விளையாடும் இடம், தூங்கும் அறை. ஆனால் பெற்றோரின் போனில் நாள் முழுக்க நேரலை ஓடவேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். அதில் தெரிவது அவர்கள் பிள்ளை மட்டும் இல்லை, மற்றவர் பிள்ளைகளும்தான். டயப்பர் மாற்றும் மூலையில் கேமரா கூடவே கூடாது. கேமரா நடந்ததைக் காட்டும். வாளிக்கும் குழந்தைக்கும் நடுவில் போய் நிற்காது.

ஆய்வுக்கு வருபவர்கள் பார்த்ததை எழுதட்டும், எழுதியதைப் பொதுத் தளத்தில் போடட்டும். எந்த அம்மாவும் தெருப் பெயரைத் தட்டினால் அங்கே எந்தக் காப்பகத்துக்கு உரிமம் இருக்கிறது, கடைசி ஆய்வில் என்ன குறை சொன்னார்கள், சரிசெய்தார்களா என்று தெரிய வேண்டும். பாதி ஒழுங்கை அந்த ஒரு பக்கமே கொண்டுவந்துவிடும். குறை கண்ட உடனே சீல் வைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே மூடுங்கள். மூடாத தொட்டிக்கு மன்னிப்பில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனதற்கு ஒரு மாத அவகாசம் தரலாம். ஒரு டே கேரைத் திடீரென்று மூடினால் அடுத்த நாள் காலை அத்தனை அம்மாக்களும் லீவு போட வேண்டும், சிலருக்கு வேலையே போகும். மூடுவதாக இருந்தால் அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் எங்கே சேர்ப்பது என்பதையும் அதே உத்தரவில் சொல்லுங்கள்.

ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் ஆண்டு அவகாசம் கொடுங்கள். முதல் மூன்று மாதத்தில் பெயர் பதிவு மட்டும், கேள்வி எதுவும் இல்லாமல். எத்தனை பேர் இருக்கிறோம் என்பதே முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும், அது எங்களுக்கும் தெரிந்தால் நல்லது.

கடைசியாக, வரைவு விதிகளைத் தமிழில் வெளியிடுங்கள், அரசிதழில் மட்டும் போட்டுவிட்டுக் கருத்து வரவில்லை என்று முடித்துவிட வேண்டாம். அங்கன்வாடி வாசலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாட்களில் கூப்பிட்டால் நாங்கள் வர முடியாது. வந்தால் பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
தாம்பரம் பகுதியில் டே கேர் நடத்தும் ஒருவர்